குளக்கரையில் எடுத்த வருகைப்பதிவு

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் செங்கல் சூளைக்குப் போய்விட்டேன். ஆகவே மூன்றே முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றே முக்காலைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கும் சுற்றுவட்டம் நாலு ஊருக்கும் முதல் டிஷ் ஆன்டெனா வைத்தவன் நான். கேபிள் இழுக்கக் கம்பம் நடக்கூடாது என்றார்கள். தென்னைகள் எல்லாம் யாரிடம் அனுமதி வாங்கி நிற்கின்றன என்று கேட்டுவிட்டு, மரம் மரமாக ஏறி இழுத்தேன். குவைத்தில் எட்டு வருஷம் எண்ணெய்க் கம்பெனிக் கோபுரங்களில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தவனுக்குத் தென்னை ஒரு உயரமா? முதல் ஜெராக்ஸ் மெஷின், முதல் பிரவுசிங் சென்டர், இப்போது வீடு வீடாகப் போகிற ஃபைபர் நெட், எல்லாம் என் கை பட்டது. மூன்று பெண்களையும் இன்ஜினியருக்குப் படிக்கவைத்தேன். இரண்டு மாடி வீடு கட்டினேன். மாடிப்படிக் கணக்கில் ஒரு படி குறைகிறது என்று இன்ஜினியருக்கே காட்டிக்கொடுத்தேன். வட்டக்கோட்டையைப் பார்க்க வந்து இந்தப் பக்கத்து லாட்ஜுகளில் தங்குகிறவர்கள் ராத்திரி படம் பார்ப்பதும் என் கம்பி வழியாகத்தான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் போட்ட ஒரு திட்டத்துக்கு மூலகாரணம் நான். அதை அறிந்தவர் ஒரு டீச்சர். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், நான் எழுதியதெல்லாம் நடந்ததுதானா என்று சரிபார்க்க இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார்.

எங்கள் ஊர் அரசு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக அவர் வந்தபோது ஐம்பது வயது தாண்டியிருந்தது. குள்ளமான உருவம். ஆண்பிள்ளைகள் பிடிக்கிற நீளக் கறுப்புக் குடை. கோட்டாறிலிருந்து வருவார். கைப்பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். இன்னும் உறுதியாகாத விஷயங்களுக்கு என்றார். அவருடைய குணம் முழுவதும் அந்தப் பென்சிலில் இருக்கிறது. உறுதியாகாததை அவர் பேனாவால் எழுத மாட்டார். உறுதியானதை எழுதாமல் விடவும் மாட்டார்.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். மூத்த மகள் வயிற்றுப் பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வயதில் பதினெட்டு நாள் குறைந்தது. பதினெட்டு நாள் ஒரு நாளா? பள்ளியில் சுவர் பூசியது நான், குழாய் போட்டது நான், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் நான். அவர் சர்டிபிகேட்டைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், மறுபடி சர்டிபிகேட்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இவ பொறக்கும்போ நான் அங்க இல்ல. ஆஸ்பத்திரிக்காரங்க இருந்தாங்க. அவங்க பாத்து எழுதினத, பாக்காத நான் எப்படி மாத்த?"

பேத்தி அடுத்த வருஷம்தான் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷம் நான் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டீச்சர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒருவேளை பென்சிலால் எழுதி வைத்திருப்பார்.

வருஷா வருஷம் பள்ளியில் என்னென்ன இருக்கிறது என்று மேலிடத்துக்குப் படிவம் நிரப்பவேண்டும். மற்றப் பள்ளிகளில் போன வருஷத்துத் தாளைப் பார்த்து இந்த வருஷத்தையும் எழுதிவிடுவார்கள். இவர் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நிற்பார். மின்விசிறி மூன்று, சுற்றுவது ஒன்று. மடிக்கணினி இரண்டு, திறப்பது ஒன்று, எழுத்து தெரிவது இல்லை. கழிப்பறைக் கதவு ஒன்று. தாழ்ப்பாள் உண்டு, ஓட்டையுடன் பொருந்தாது. இப்படி எழுதி அனுப்பினால் அலுவலகத்திலிருந்து போன் வரும். கட்டத்தில் உண்டு அல்லது இல்லை என்று மட்டும்தான் எழுதவேண்டும் என்பார்கள். உண்டுக்கும் இல்லைக்கும் நடுவில்தான் தன் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பார் டீச்சர்.

பிறகு ஸ்மார்ட் வகுப்பறை வந்தது. எல்லாப் பள்ளியிலும் பெரிய திரை வைத்துப் பாடம் நடத்தவேண்டும் என்று சுற்றறிக்கை. நான் விடுவேனா? எங்கள் பள்ளியில் படித்து வெளிநாட்டில் இருக்கிற நாலு பேரைப் பிடித்து, திரையை வரவழைத்து, என் கையாலேயே சுவரில் மாட்டினேன். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, ஒரு மாதத்துக்குள் இந்தத் திரைக்கு நெட் கொடுப்பது என் பொறுப்பு என்று அறிவித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது.

ஒரு மாதம் போனது. ஆறு மாதம் போனது. நெட் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் பொத்தை இருக்கிறது. பொத்தை என்றால் மொட்டைப் பாறைக்குன்று. அது மறைப்பதால் பள்ளிக்கூடத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. கம்பி இழுக்கலாம் என்றால் முன்பக்கம் நாலுவழிச் சாலை, அதைத் தாண்டிக் கம்பி கொண்டுவர டெல்லி வரை போய்க் கையெழுத்து வாங்கவேண்டும். மிச்சம் ஒரே வழி, என் மச்சினனின் தென்னந்தோப்பு. என் பெண்டாட்டியின் சொந்தத் தம்பி. என்னிடம் உயிராக இருந்தவன். ஆனால் திறப்பு விழா முடிந்த அதே மாதம் என் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் நடந்தது. நான் நெட்காரன் அல்லவா? பாட்டெல்லாம் சேர்த்து வீடியோவில் அழைப்பிதழ் செய்து, ஒரே தட்டில் முந்நூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முந்நூறில் மச்சினனும் ஒருவன். பெண்ணுக்குத் தாய்மாமன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய்ச் சொல்லவேண்டிய முதல் ஆள். இரண்டு வயல் தாண்டி இருக்கிறான், அவனுக்குத் தெரியாத கல்யாணமா என்று இருந்துவிட்டேன். அவனும் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினான். வருகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அவன் வரவில்லை. தாய்மாமன் முறையைச் செய்ய, திற்பரப்பிலிருந்து அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தோம். மறுநாளிலிருந்து என் கம்பி அவன் தோப்பில் ஒரு மட்டையைக்கூடத் தொடக்கூடாது என்றாகிவிட்டது.

ஸ்மார்ட் திரையைத் தினமும் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினீர்கள் என்று ஆப்பில் போடவேண்டும். மற்றப் பள்ளிகள் ஒரு மணி நேரம் என்று போட்டன. டீச்சர் சாயங்காலம் கோட்டாறு போய்ச் சேர்ந்ததும் பூஜ்யம் போட்டார். தினமும் போட்டார். காரணம் எழுதக் கட்டம் இருந்தது. அதில் 'இணைப்பு வரவில்லை' என்று எழுதினார். மறுநாளும் அதையே எழுதினார். ஆயுதபூஜைக்குத் திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அன்றைக்கு 'பூசை நடந்தது. பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதினார்.

வாசிப்புச் சோதனைக்கும் ஓர் ஆப் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் போனைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தால் பச்சை, தெரியாவிட்டால் சிவப்பு என்று தட்டவேண்டும். பிள்ளைகள் இருபத்துமூன்று. ஒரு பிள்ளை முன்னால் போனைப் பிடித்திருக்கும்போது மற்ற இருபத்திரண்டும் பொத்தையில் ஏறிவிடும். பள்ளியில் இன்னொரு டீச்சரும் உண்டு. ஆனால் அவரைத் தகவல் பதிவேற்ற வட்டார அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டு எழுதுவது அவர் வேலை. அதனால் எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆள் குறைந்தது.

டீச்சர் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு தட்டினார். வட்டார அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் எல்லாப் பள்ளியும் ஒரு வரைபடத்தில் புள்ளியாகத் தெரியுமாம். சுற்றிலும் பச்சையாக இருக்க, நடுவில் எங்கள் பள்ளி மட்டும் பழுத்த மிளகாய் போலத் தெரிந்தது என்று அங்கே வேலைக்குப் போன எங்கள் இரண்டாவது டீச்சர் வந்து சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பிள்ளை குறைந்து, சிவப்பாகவும் இருக்கிற பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம்.

மறுநாளே குழுவைக் கூட்டினோம். குழுத் தலைவி கலா, தோவாளைக்குப் பூக்கட்டப் போகிறவள், வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சரே, அந்த ரோட்ட எம்பிள்ள எப்படித் தாண்டுவான்? நானே நின்னு நின்னு, சாமியக் கும்பிட்டுட்டுத்தான் ஓடுகேன்."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"ஒரு தட்டு, டீச்சர். ஒரே ஒரு தட்டு. பச்சையத் தட்டிட்டா பள்ளிக்கூடம் நிக்கும். எல்லாவனும் தட்டுகான்."

"அண்ணாச்சி, பச்சையத் தட்டினா இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்னு ஆயிரும். தெரிஞ்ச பிள்ளைகளுக்கு டீச்சர் என்னத்துக்கு? பள்ளிக்கூடம்தான் என்னத்துக்கு? அப்பவும் பூட்டத்தானே செய்வாங்க?"

"ஏட்டி கலா, நீயாவது சொல்லு," என்றேன். கலா தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியைத் திருகினாள். பச்சை தட்டச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. அவள் பையனுக்கு எழுத்து தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

டீச்சருக்குப் பயம் இல்லாமல் இல்லை. அன்றைக்குக் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த மூன்று நாளும் பள்ளி விட்ட பிறகு, எங்கள் பள்ளி வாசலிலிருந்து அந்தப் பள்ளி வாசல் வரைக்கும் தனியாக நடந்தார். நான் கரண்டுக் கம்பத்து மேலிருந்து பார்த்தேன். சாலை ஓரத்தில் நிற்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், தாண்டுவார், எழுதுவார். பிறகு அதை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பினார். சாலையைத் தாண்ட நின்ற நேரம் இவ்வளவு. 'எனக்காக நின்ற வண்டிகள்: இல்லை.' பதில் வரவில்லை. அந்தக் கடிதத்துக்கு ஆப்பில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் வருகைப்பதிவு ஆப் வந்தது. காலை ஒன்பதரைக்குள் எந்தப் பிள்ளை வந்தது, எது வரவில்லை என்று அனுப்பிவிடவேண்டும். பள்ளியில் டவர் இல்லை. டவர் கிடைக்கிற ஒரே இடம் குளத்துக் கரை, அதிலும் மடைக்கு மேலே உள்ள கல். டீச்சர் தனியாகப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே இருபத்துமூன்று பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். பையோடு, தட்டோடு, சிலேட்டோடு. இறைவணக்கமும் அங்கேதான். கரையில் பெயர் கூப்பிட்டு, மடைக்கல்லில் ஏறி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்குள் ஏழாம் வாய்ப்பாடு முடிந்துவிடும்.

பிள்ளைகள் சும்மா நிற்பார்களா? ஒருவன் நாரையைக் காட்டுவான். எத்தனை என்று எண்ணச் சொல்வார். பாதி பறந்தால் மிச்சம் எவ்வளவு? கரை எத்தனை அடி நீளம் என்று ஒரு பெண் கேட்டாள். மறுநாள் கயிறு வந்தது. பொதுப்பணித் துறைக்காரர்கள் மடையில் எழுதி வைத்த எச்சரிக்கைப் பலகைதான் வாசிப்புப் பாடம். ஆழம் என்ற சொல்லில் வருகிற ழ-வை அந்தப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கவேண்டும், நாக்கு மேலண்ணத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வரும். வட்டம் சீக்கிரம் நின்றுவிட்டால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். நானே ஒருநாள் கம்பி பார்க்கிற சாக்கில் பக்கத்தில் நின்று, கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். அதையும் எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒருநாள் காலை, தெருமுனைக் கம்பத்தில் ஏறி இருந்தபோது பள்ளி வாசலில் ஜீப் நிற்பதைப் பார்த்தேன். வட்டாரக் கல்வி அலுவலர். ஊருக்குப் புதிது, சேலத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பூட்டிய கேட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிய வேகத்தில் உள்ளங்கை உரிந்துவிட்டது. போய்க் கும்பிட்டு, பள்ளிக்கூடம் நடக்கிறது, ஆனால் இங்கே நடக்கவில்லை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜீப்பில் ஏறி வழி சொன்னேன்.

கரையில் இருபத்தொரு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரண்டு பேர் வரவில்லை. டீச்சர் மடைக்கல்லில், போனை உயர்த்திப் பிடித்தபடி. அலுவலரைப் பார்த்ததும் இறங்கவில்லை. வட்டம் நிற்கட்டும் சார் என்று கையைக் காட்டினார். நின்ற பிறகு இறங்கி வணக்கம் சொன்னார்.

"பள்ளி நேரத்துல பிள்ளைங்கள எதுக்கும்மா குளத்தங்கரைக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒன்பதரைக்குள்ள அனுப்பணும்னு சர்க்குலர் சார். பள்ளிக்கூடத்துல டவர் இல்ல. பிள்ளைகள தனியா விட்டுட்டுப் போகக்கூடாதுன்னும் சர்க்குலர். ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா இந்த இடம்தான் வருது."

"எல்லாரும் காலையில வீட்டுல இருந்தே போட்டுட்டு வந்துடறாங்களே."

"வீட்டுல இருக்கும்போ இன்னைக்கு யாரு வருவான்னு எனக்குத் தெரியாதே சார்."

அலுவலர் பிள்ளைகளைத் தலை தலையாக எண்ணிப் பார்த்தார். பிறகு, ஸ்மார்ட் திரைக்கு நெட் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, டெக்னிக்கல் பிராப்ளம் சார் என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார். கம்பி இவங்க மச்சினன் தோப்பு வழியா வரணும். இவங்க மக கல்யாணத்துக்கு அவரை நேர்ல போய்க் கூப்பிடல்ல, போன்ல அனுப்பிட்டாங்க. அதனால அவரு விடல்ல. உள்ளது இதுதான்."

அலுவலர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தாய்மாமனையா வாட்ஸ்அப்ல கூப்பிட்டீங்க?"

சேலத்துக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அந்தக் கேள்வியில் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் வேறு கிக்கிக்கென்று சிரித்துவிட்டார்கள். என் பேத்தியும் சிரித்தாள்.

அவர் கலாவின் மகனைக் கூப்பிட்டு எச்சரிக்கைப் பலகையை வாசிக்கச் சொன்னார். அவன் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, வியர்த்துப்போய், முழுவதையும் வாசித்து முடித்தான். இந்தப் பையனுக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறீர்கள் என்றார் அலுவலர். சிவப்பு என்றார் டீச்சர்.

"ஜூன் மாசம் இவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது சார். இப்போ கூட்டுவான், ஓட்டமா வாசிக்க மாட்டான். கூட்டுகதுக்கு உங்க ஆப்ல கட்டம் இல்ல. தெரியும், தெரியாதுன்னு ரெண்டே கட்டம். இவன் நடுவுல இருக்கான்."

அந்தப் பள்ளிக்கூடம் இருக்குமா போகுமா என்பது இனி இந்த மனிதர் கையில் என்று எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும். அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார். கெஞ்சவில்லை. ஆய்வு அறிக்கையையும் ஆப்பில்தான் அனுப்பவேண்டும். அலுவலர் ஜீப்பில் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து அனுப்பிப் பார்த்தார். போகவில்லை. ஜன்னலோரம் பிடித்தார். போகவில்லை. கடைசியில் கரைக்கே திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் மடைக்கல்லில் ஏறினார். நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் தெற்கே சாய்த்துப் பிடியுங்கள் சார் என்றேன். முப்பது வருஷ ஆன்டெனா அனுபவம். போயிற்று.

ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அந்த ஆப் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. வகுப்பு எங்கே நடக்கிறது? வகுப்பறை, ஸ்மார்ட் அறை, திறந்தவெளி. குளக்கரை என்று கட்டம் இல்லை. அவர் திறந்தவெளி என்பதைத் தொட்டிருக்கிறார், ஒரு படத்தையும் சேர்த்திருக்கிறார்: நாரைகள், வரிசையாகப் பிள்ளைகள், குடையோடு டீச்சர். அந்தக் கட்டத்தை அதுவரை எங்கள் பக்கத்தில் ஒருவரும் தொட்டதில்லையாம். தொட்டால் புள்ளி நீல நிறமாகிவிடும் என்பது அலுவலருக்கே தெரியாது. மேலிடத்து வரைபடத்தில், அத்தனை பச்சைக்கு நடுவில், ஒரு நீலப் புள்ளி. இது என்ன நீலம் என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு மேலே இருப்பவரும் கேட்டிருக்கிறார். படத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த கல்வியாண்டில் சுற்றறிக்கை வந்தது. இயற்கைச் சூழலில் திறந்தவெளிக் கற்றல். எல்லாப் பள்ளிகளும் தினமும் காலையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று பாடம் நடத்தி, படம் எடுத்து, பத்து மணிக்குள் ஆப்பில் ஏற்றவேண்டும். குளமில்லாத டவுன் பள்ளிகள் திண்டாடிப் போயின. ஒரு பள்ளி மொட்டை மாடிக்கு ஏறியது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து இயற்கையைப் பார்த்தார்களாம். எங்கள் பள்ளி முன்னோடிப் பள்ளி ஆனது. முன்னோடியை யாராவது பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பார்களா? சேர்ப்பதைப் பற்றிய பேச்சே எழவில்லை. கலா பள்ளிக்கூட வாசலில் ஒரு பந்து பூவைக் கட்டித் தொங்கவிட்டாள்.

வீடியோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். இந்தச் சிந்தனை எப்படித் தோன்றியது என்று டீச்சரிடம் கேட்டார்கள். டவர் கிடைக்கவில்லை, அதனால் வந்தோம் என்றார். அதைச் சொல்லவேண்டாம், பிள்ளைகளின் உள்ளார்ந்த ஆர்வம் என்று சொல்லுங்கள் என்றார்கள். சரி என்றார். மறுபடி கேமரா ஓடியது. பிள்ளைகளுக்கு ஆர்வம் உண்டு, ஆனால் வந்தது டவருக்காக என்றார். எட்டு முறை எடுத்தார்கள். வெளிவந்த வீடியோவில் டீச்சர் வாய் அசைகிறது, புல்லாங்குழல் கேட்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்குத் தேதி போய்விட்டதே, இனி எப்படி மச்சினனை அழைப்பது என்று டீச்சரிடம் புலம்பினேன். சொல்லாததைச் சொல்லத் தேதி எதற்கு என்றார். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, மச்சினன் வீட்டுக்குப் போய், முடிந்து ஒரு வருஷம் தாண்டிய கல்யாணத்துக்கு முறைப்படி அழைத்தேன். அவனும் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, கட்டாயம் வாறேன் அத்தான் என்றான். மறுநாள் கம்பி தோப்பைத் தாண்டியது. திரைக்கு நெட் வந்தது. வகுப்பறைக்குள்ளேயே வருகையைப் போடலாம். ஆனால் இப்போது சுற்றறிக்கை கரைக்குப் போகச் சொல்கிறதே! பிள்ளைகள் உள்ளே வருகையைச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்க் கரையில் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் போன வருஷம் ஓய்வு பெற்றார். அதற்குச் சில நாள் முன்னால் பள்ளிச் சுவரில் கறுப்புக் கல் பலகை பதித்தார்கள். திறந்தவெளிக் கற்றல் முன்னோடிப் பள்ளி என்று போட்டு, அலுவலர் பெயர், அவருக்கு மேலே உள்ளவர் பெயர், அவருக்கும் மேலே உள்ளவர் பெயர், தலைமையாசிரியர் பெயர். என் பெயர் இல்லை. கல்லைச் சுமந்து வந்த வண்டி என்னுடையது!

நான் நேரே டீச்சரிடம் போனேன். நான் மட்டும் ஒரு மாதத்தில் நெட் கொடுத்திருந்தால் நீங்கள் கரைக்குப் போயிருப்பீர்களா, நீலப் புள்ளி வந்திருக்குமா, பள்ளிக்கூடம் நின்றிருக்குமா என்று கேட்டேன். யோசித்தார். கைப்பையைத் திறந்தார். பென்சிலை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். நீலப் பேனாவை எடுத்தார். பள்ளி நிகழ்வுப் பதிவேட்டை விரித்து எழுதினார்: 'மேலாண்மைக் குழு உறுப்பினர் இவர், இணைய இணைப்பு ஒரு மாதத்தில் தருவதாகக் கூறிப் பதினான்கு மாதங்கள் தரவில்லை. தந்திருந்தால் பிள்ளைகள் குளக்கரைக்குச் சென்றிருக்க மாட்டார்கள்.' கீழே கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தினார்.

"இதுல ஒண்ணும் கூட இல்ல, ஒண்ணும் குறையவும் இல்ல. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

இரண்டு முறை வாசித்தேன். இன்று வரைக்கும் என்னைப் பற்றி எழுதப்பட்டதில், இவ்வளவு சரியாக எழுதப்பட்டது வேறில்லை.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பலகையில் நாலு பெயருக்கும் கீழே இன்னும் இடம் இருக்கிறது, நான் அளந்துவிட்டேன். டீச்சர் எழுதியதை ஒரு எழுத்துக் குறையாமல் அங்கே வெட்டவேண்டும். கீழே என் முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் வரவேண்டும். செய்தி தெரிந்தால் மச்சினன், தோப்பை மறித்தது நான்தான், என் பெயரையும் போடுங்கள் என்று வருவான். போடக் கூடாது. அவன் மறித்தான், சரி. ஆனால் மறிப்பதற்கு ஒரு கம்பி வேண்டாமா? கம்பி என்னுடையது.